துங்ஷான் விருந்தாளி

லிவர்பூல்
12 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்கா கிம் லுவானுக்கு,

தம்பி தியாம் லோக் எழுதுவது. இங்கே எனக்கு இருமலைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேறு மாதிரி நினைத்தால் எழுத வராது.

கையெழுத்து அடையாளம் தெரிகிறதா? முன்பு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. பிறகு சீனாவில் காலம் கெட்டுப்போயிற்று. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தாலே வீட்டுக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் கப்பல்காரர் சங்கத்தில் ஒருவனுக்கு ஃபூச்சோவிலிருந்து பதில் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக எல்லாருக்கும் காட்டினான். நானும் போட்டுப் பார்க்கிறேன். தெருப் பெயர்களை மாற்றியிருப்பார்கள். ஊர்ப் பெயரை யார் மாற்றப் போகிறார்கள், ஆமோய் என்று எழுதினால் வந்து சேராதா என்று ஒரு தைரியம்.

உறையின் பின்னால் உள்ள பெயருக்கே பதில் போடு. ஏன் என்று இப்போது கேட்காதே.

அம்மாவைப் பற்றிக் கேட்க நெஞ்சு துணியவில்லை. நீ ஒன்றும் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி தியாம் லோக்


ஆமோய்
20 மே 1979

தியாம் லோக் என்று கையெழுத்திட்டவருக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் யாராக இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் மார்ச் மாதமே வந்துவிட்டது. உறையில் எங்கள் ஊரைப் பழைய இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தீர்கள். தபால்காரர் அதை ஆட்டிக்காட்டிச் சிரித்தார். "அக்கா, இந்த எழுத்தெல்லாம் போன வருஷத்தோட செத்துப்போச்சு. இனிமே உலகம் பூரா ஷியாமென்னுதான் எழுதணும். செத்த ஊருலேர்ந்து லெட்டர் வந்திருக்கு, பிடி" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் உறையைப் பிரிக்காமல் அரிசிப் பானைமேல் வைத்துவிட்டேன். பிரிக்க நாள் பிடித்தது. பிரித்தபின் பதில் எழுத இன்னும் நாள் பிடித்தது.

உறையின் பின்னால் ஓங் பெங் சுன் என்று இருக்கிறது. எங்கள் குடும்பம் சுவா. ஓங் வீட்டுக்காரர் யாரையும் எங்களுக்குத் தெரியாது.

மூன்று கேள்வி கேட்கிறேன். என் தம்பிக்கு எந்த முழங்காலில் தழும்பு, எப்படி வந்தது? அவன் கப்பல் ஏறிய அன்று அம்மா என்ன கொடுத்தாள்? அவன் பாகற்காய் சாப்பிடுவானா?

மூன்றாவதற்கு யோசித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுவா கிம் லுவான்


லிவர்பூல்
11 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதிய ஒரு வரிக்கே பத்துத் தடவை கும்பிடு போட்டேன். மற்ற வரிகளுக்காக உன்னை நேரில் வந்து திட்டிக்கொள்கிறேன். தம்பியைப் போய் நீங்கள், வாருங்கள் என்கிறாயே.

இடது முழங்கால். நண்டுக்காகப் பாறையில் ஏறி வழுக்கினேன். நீதான் புகையிலையை மென்று அப்பினாய், அதன் எரிச்சல் காயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கப்பல் ஏறிய அன்று அம்மா இரண்டு முட்டை அவித்துச் சேமியாவில் போட்டுத் தந்தாள். ஒன்றை நீ தின்றுவிட்டாய். முழுசாக இரண்டும் தின்றால்தான் திரும்பி வருவான் என்று அம்மா உன்னை முதுகில் அறைந்தாள். பாகற்காயை நான் இன்றுவரை வாயில் வைத்ததில்லை. அது எதற்கு உனக்கு?

ஊர்ப் பெயரைப் புது எழுத்தில்தான் போட்டிருக்கிறேன், சங்கத்தில் கேட்டு எழுதினேன். பெருக்கல் குறியோடு தொடங்குகிறது, கணக்கு வாத்தியார் தப்புப் போட்ட மாதிரி. அது வடக்கத்திக்காரர் வாயில் வருகிற பெயர். ஆமோய் என்றால் அம்மா வாயில் வந்த பெயர். காதில் விழுகிற பெயர்தான் ஊர் என்றால் நான் ஷியாமென்னில் பிறக்கவே இல்லை.

பின்னால் இருக்கும் பெயரைப் பற்றிப் பிறகு. நான் உயிரோடு இருப்பதில் உனக்குச் சந்தோஷம் இல்லையா அக்கா? அதை மட்டும் சொல்.

தம்பி


ஆமோய்
8 ஜூலை 1979

என் தம்பி தியாம் லோக்குக்கு,

அக்காவின் ஆசி. இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டோடு அவித்துக் குடி. உன் அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. நான் கல்லுப்போல இருக்கிறேன்.

சந்தோஷம் இல்லையா என்று கேட்டாய். முட்டை விஷயத்தைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "யாரு செத்தா?" என்றாள். "யாரும் சாகலடி, அதான் அழறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்படி சொல்கிறேன், உட்கார்ந்து படி. முன்பு நீ எழுதிய இரண்டு கடிதமும் எங்களுக்கு வரவே இல்லை.

நாற்பத்தெட்டில் கப்பல் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கப்பல் நடுக்கடலில் எரிந்துபோயிற்று, உன் பெயரும் அதில் இருக்கிறது என்றான். உடம்பு கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் உன் நீலச் சட்டையை மூங்கிலில் கட்டிக்கொண்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். "தியாம் லோக், தண்ணில கெடக்காதடா. ஆமோய்க்கு வா, வீட்டுக்கு வா" என்று அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். நீ வந்துவிட்டாயா என்று பிறைக்கட்டை இரண்டையும் தரையில் வீசிக் கேட்டோம். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம், வந்துவிட்டேன் என்று மூன்று முறையும் விழுந்தது. சட்டையை மலையில் நம் இடத்தில் புதைத்தோம். கல்லில் உன் பெயரை வெட்டி, இறந்தவர்களுக்கு உரிய பச்சையைப் பூசினோம். அம்மாவும் இப்போது அங்கேதான், உனக்குப் பக்கத்தில். உனக்கு என்று நினைத்த அந்த இடத்துக்குப் பக்கத்தில்.

அதன்பின் வந்த முதல் கல்லறை நாளில் உனக்குப் பிடித்த சிப்பி அடை வைத்தோம். சாப்பிட்டாயிற்றா என்று கட்டை போட்டால் இல்லை என்றது. வாத்து வைத்தோம், இல்லை. வெயில் ஏறிவிட்டது, அம்மா சோர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன கருவாட்டுப் பாகற்காயை ஓரமாக வைத்திருந்தேன். பேச்சுக்கு அதை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தேன். அடுத்த வீச்சில் சாப்பிட்டாயிற்று என்று விழுந்தது. அதிலிருந்து வருஷம் தவறாமல் பாகற்காய்தான். "செத்தா நாக்கும் மாறும்போல" என்று அம்மா சொன்னாள். படையலே கூடாது என்றிருந்த கெட்ட காலத்தில் கல்லைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுச் சமையலறையில் கதவை அடைத்துக்கொண்டு படைத்தேன். அங்கேயும் அதே பாகற்காய்.

நீ அங்கே இருமிக்கொண்டு இருக்கிறாய். அப்படியானால் அம்மா கூப்பிட்டதும் கடலிலிருந்து ஏறி வந்தது யார்? இத்தனை வருஷமாக என் கையால் சாப்பிடுவது யார்?

உண்மையை எழுது.

அக்கா


லிவர்பூல்
2 செப்டம்பர் 1979

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இரு.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோடை முழுக்கத் திரிந்தேன். பதில் எனக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம்.

கல்கத்தாவில் எனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ள ஆள் வேண்டும். ஒருவன் படுத்தால் இன்னொருவன் அவன் அடையாளக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏறுவது அப்போது எங்களுக்குள் சாதாரணம். வெள்ளைக்காரனுக்கு நம் முகமெல்லாம் ஒன்றுதான். ஓங் பெங் சுன் என்று ஒரு துங்ஷான்காரன், ஒரே விடுதியில் இருந்தோம். "நீ படுத்துத் தூங்குடா, நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். எம் பொண்டாட்டிக்கு ஒரு சீலைத்துணி வாங்கணும்" என்று என் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவனுடையதை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனான். கப்பல் எரிந்தது. பிழைத்தெழுந்த எனக்கு மிஞ்சியது அவன் காகிதம்தான். அதை வைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன். அன்றிலிருந்து நான் ஓங் பெங் சுன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, வைத்தியர், கடைக்காரன் எல்லாருக்கும் அதுதான் என் பெயர்.

கல்கத்தா மார்க்கெட்டில் அவன் எதை வாங்குவான் தெரியுமா? பாகற்காய். கருவாடு போட்டுச் சமைப்பான். விடுதியே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். "கசப்புதாண்டா வயித்துல நிக்கும்" என்பான்.

அக்கா, அவன் என் பெயரோடு செத்தான். நீங்கள் என் பெயரைச் சொல்லி அழைத்தீர்கள். தண்ணீரில் கிடந்தவன் வேறு எந்த அழைப்புக்குப் போவான்?

அவன் பெண்டாட்டிக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். காகிதத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் துங்ஷான், ஃபூக்கியென் மாகாணம் என்று இங்கிலீஷில் இருக்கிறது. அவ்வளவுதான். தெரு இல்லை, நம் எழுத்தில் ஒரு கோடுகூட இல்லை. அவன் வாயில் அந்த ஊரை எப்படிச் சொன்னான் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எனக்கு வயதாகிவிட்டது. இங்கே செத்தால் கல்லில் அவன் பெயரை வெட்டி, துங்ஷானில் பிறந்தவர் என்று அடியில் போடுவார்கள். என் பெயர் எங்கேயும் இருக்காது. அங்கே இருக்கிற கல்லில் இருப்பதும் வேறு ஆள். நான் ஊருக்கு வந்துவிடுகிறேன், என் பெயரில் சாகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஆமோய்
28 செப்டம்பர் 1979

தம்பிக்கு,

இங்கே மழை விட்டது, முட்டிவலி விடவில்லை. பேரிக்காய் குடித்தாயா?

நீ இப்போது வராதே. கோபப்படாமல் கேள். அந்த இடத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் பிடித்துக்கொண்டிருப்பது உன் பெயரை. நீயும் அதே பெயரோடு வந்து வாசலில் நின்றால் உங்கள் இருவரில் ஒருவர்தான் அதற்குள் நிற்க முடியும். உயிரோடு இருப்பவன்தான் தோற்பான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அவரை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உன் கடிதத்திலிருந்து துங்ஷான் என்ற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். பழைய எழுத்துக்கும் புது எழுத்துக்கும் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் இருந்த பெண் விரலை வைத்துத் தேடினாள். "டொங்ஷான் தீவுதான் அக்கா. தெற்கால, பஸ்ஸுல ஒரு நாள்" என்றாள். "அப்போ துங்ஷான் எங்க?" என்றேன். "அதேதான். ஊரு எடத்த விட்டு நகரல, எழுத்துதான் மாறிச்சு" என்றாள். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "எம் பேரையும் மாத்தித் தருவியா, கடன்காரன் தேடுறான்" என்றார். வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாள் பஸ் தூரத்தில் அவர் வீடு இருந்திருக்கிறது.

அந்தத் தீவின் மீனவர் சங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பொறு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


லிவர்பூல்
3 நவம்பர் 1979

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே, நெஞ்சில் சளிதான் என்கிறார்கள்.

இரவில் நர்ஸ் வந்து மிஸ்டர் ஓங், மிஸ்டர் ஓங் என்று எழுப்புகிறாள். முன்பெல்லாம் சட்டென்று திரும்புவேன். இப்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவனைக் கூப்பிடுகிறாள் என்று தோன்றுகிறது. நேற்று எனக்கு முன்னால் வேறு யாரோ "என்ன?" என்று கேட்டது போல் இருந்தது. சாப்பாட்டில் எதை வாயில் வைத்தாலும் கசக்கிறது. மருந்தினால் என்கிறார்கள். அதுவாகவே இருக்கட்டும்.

தீவிலிருந்து பதில் வந்ததா? சீக்கிரம் செய் அக்கா.

தியாம் லோக்
(இந்தப் பெயரை இங்கே யாருக்கும் சொல்ல முடியாது. உனக்கு எழுதும்போதுதான் கைக்கு வருகிறது.)


ஆமோய்
9 டிசம்பர் 1979

என் தம்பிக்கு,

உன் நெஞ்சுச்சளி இந்நேரம் இறங்கியிருக்கும். இறங்கியிருக்க வேண்டும்.

அவர் மனைவி வந்துவிட்டார். லாவ் சியூ என்று பெயர். ஒல்லியான உடம்பு, கருத்த முகம், வாய் மட்டும் என்னைவிடப் பெரிது. கருவாட்டு நாற்றத்தோடு ஒரு சேவலையும் குடையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்தி வராததால் புருஷனுக்குக் கல்லறையும் கட்டவில்லை. உயிரோடு இருப்பவருக்கு வைப்பதுபோல் தினம் ஒரு தட்டு வைத்திருக்கிறார். நீ எழுதியதைச் சொன்னேன். சீலைத்துணி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் கேக்கவே இல்லியே. யாரு கேட்டா துணி?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மலைக்குப் போனோம். பாகற்காய் அவரே சமைத்தார். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவார் என்று நினைத்தேன். திட்ட ஆரம்பித்தார். "முப்பது வருஷமா அடுத்தவ வீட்டுலயா சோறு? ஒரு நாள் தூரத்துல வீடு, வழி தெரியலியா உனக்கு? அந்த அக்கா கை மணத்துல அங்கேயே தங்கிட்டியா?" நான் குறுக்கே போய், "அவர் மேல தப்பு இல்லம்மா. நாங்கதான் வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டோம்" என்றேன். அவர் கட்டைகளைக் கையில் எடுத்தார். பிறகு ஓங் பெங் சுன் என்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி, தங்கள் தீவை அவர்கள் வாயில் சொல்கிறபடி சொல்லி, வா என்றார். கட்டை மூன்று முறையும் ஆமாம் என்று விழுந்தது. முப்பது வருஷம் சோறு போட்டவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகிறாரே என்று கூட இருந்தது.

சியூ ஊதுவத்திச் சாம்பலைப் பையில் கட்டி, புருஷன் ஆவிக்கு வெயில் படாமல் குடையை விரித்து, பஸ்ஸில் அவருக்கும் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தார். துணைக்கு நானும் தீவு வரை போனேன். ஒவ்வொரு பாலத்திலும், "பாலம் வருது, கூடவே வா" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை, அவரும் அந்தப் பக்கத்துக்காரர். தீவுக்குப் போகிற இடத்தில் இப்போது கடலை அடைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே பஸ் ஏறியதும் சியூ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீ போகும்போது இது தண்ணி. இப்ப ரோடு. பயப்படாம வா" என்றார். அப்போதுதான் அழுதார்.

திரும்பி வந்ததும் மலைக்குப் போனேன். கல்லில் உன் பெயரிலிருந்த பச்சையை முழுக்கச் சுரண்டினேன். உயிரோடு இருப்பவர்களுக்கு உரிய சிவப்பை வாங்கி நானே பூசினேன். இடம் காலி. பெயரும் உன்னுடையது. புறப்பட்டு வா.

அக்கா கிம் லுவான்


லிவர்பூல்
14 பிப்ரவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த வாரமே வாய்க்கசப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மூச்சு மட்டும் படியேறினால் வாங்குகிறது. கைநடுக்கத்தால் எழுத்து கோணல், மன்னித்துக்கொள்.

ஏப்ரல் பத்தாம் தேதி ஹாங்காங் வரை விமானம். அங்கிருந்து கப்பல். சங்கத்தில் ஊரார் எல்லாம் கூடி, நான் சுவா தியாம் லோக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரிக்கும் சொன்னேன். "இத்தன வருஷமா மிஸ்டர் ஓங்னு கூப்பிட்டேனே, அப்போ நீ யாரு?" என்றாள். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிப் பழகினாள். காலையில் கதவைத் தட்டி, மிஸ்டர் சுவா, டீ என்றாள். யாரோ எனக்குச் சட்டை மாட்டிவிட்டது போல் இருந்தது.

டிக்கெட்டில் உன் பெருக்கல் குறி ஊர்தான் இருக்கிறது. நான் பேனாவால் ஓரத்தில் ஆமோய் என்று எழுதி வைத்திருக்கிறேன். வழியில் தூங்கிப்போனால் எங்கே இறக்குவது என்று யாருக்காவது தெரிய வேண்டாமா?

சிப்பி அடை. இனிப்புக்கிழங்கு மாவு நிறையப் போடு, ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பாகற்காய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

பெட்டி கட்டிவிட்ட,
உன் தம்பி சுவா தியாம் லோக்


ஆமோய்
6 ஏப்ரல் 1980

என் தம்பிக்கு,

நலமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நேற்றுக் கல்லறை நாள். அம்மாவுக்கு மட்டும் படைக்கப் போனேன். உன் கல்லுக்கு முன்னால் ஒன்றும் வைக்கவில்லை, உயிரோடு இருப்பவனுக்கு வைப்பது தகாது. நீ வரப் போகிறாயே, கை மறந்திருக்குமோ என்று பார்க்க விடியற்காலையில் சிப்பி அடை சுட்டிருந்தேன். என் மதியச் சாப்பாட்டுக்கு என்று எடுத்துப் போயிருந்தேன். அதை உன் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டுப் புல் பிடுங்கினேன்.

அம்மாவிடம், "சாப்பிட்டாச்சா?" என்று கட்டை போட்டேன். ஆமாம் என்றாள். பிறகு பழக்கதோஷம், பக்கத்துக் கல்லுக்கும் திரும்பி அதே கேள்வியைக் கேட்டு வீசிவிட்டேன். யாரும் இல்லாத இடத்தில் என்ன விழும் என்று நினைத்தேன்.

ஆமாம் என்று விழுந்தது.

கை தவறி விழுந்திருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே. துங்ஷான்காரர்தான் திரும்பி வந்துவிட்டாரோ என்று, "பாகற்காய் வேணுமா?" என்று கேட்டேன். இல்லை. "வேணாமா?" என்றேன். ஆமாம். "சிப்பி அடையா?" ஆமாம், ஆமாம், ஆமாம். கட்டைகளைப் பொறுக்கக்கூட எனக்குக் குனிய முடியவில்லை.

தந்தி இன்னும் வரவில்லை. தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அது வரும்வரை பச்சை வாங்கமாட்டேன். உன் பெயர் சிவப்பாகவே இருக்கட்டும், நான்கு நாளாவது கூட இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை லிவர்பூலுக்குப் போட்டுப் பயனில்லை என்று தோன்றுகிறது. உன் முதல் கடிதத்தின் உறையைப் பக்கத்தில் வைத்து, ஆமோய் என்ற அந்த நான்கு பழைய இங்கிலீஷ் எழுத்தையும் பார்த்துப் பார்த்து உறைமேல் எழுதியிருக்கிறேன். உனக்கு வந்து சேர, நாளைக்கு மலையில் எரிப்பேன். உனக்கு அந்தப் பெயர்தானே அடையாளம் தெரியும்.

அந்தத் துங்ஷான்காரருக்காவது குடை பிடிக்க ஒருத்தி இருந்தாள், பாலத்துக்குப் பாலம் சொல்லிக் கூட்டிப்போனாள். உன்னை யாரும் கூப்பிடவில்லையே தம்பி. இத்தனை கடலையும் தனியாக எப்படிக் கடந்தாய்?

வந்துவிட்டாய். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், பயப்படாதே. அடையில் ஓரம் மொறுமொறுப்பாக வரவில்லை, தெரியும். நாளைக்கு மாவு கூடப் போட்டுக் கொண்டுவருகிறேன்.

அக்கா